வெயிலுக்கும் கேட்புக் கூட்டம் வேண்டும்

ஐயா,

சட்டம் படிக்கிறேன். எரிசக்தி நீதி என்று மூன்று கொள்கைகளைப் பாடத்தில் சொல்கிறார்கள்: பலனையும் சுமையையும் நியாயமாகப் பங்கிடுவது, முடிவெடுக்குமுன் மக்களைக் கேட்பது, யாரும் கணக்கில் விடுபடாமல் பார்ப்பது. நிலக்கரிக்கு இவை சரி. சூரிய மின்சாரத்தால் யாருக்கும் கெடுதல் இல்லையே? விலையும் குறைவு. கர்நாடகத்துப் பாவகடா சூரிய மின்பூங்காவுக்கும் நிலத்தைக் குத்தகைக்குத்தானே எடுத்தார்கள்? எதைப் படிக்கலாம்?

கவின்

அன்புள்ள கவின்,

புத்தகப் பட்டியலை உங்கள் பேராசிரியரே தருவார். விலைக் கதையையும் விடுங்கள். பாவகடா என்று எழுதினீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாகவே அந்த ஊர் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

துமகூரு மாவட்டத்து வறண்ட பூமி அது. ஐந்து ஊர்களில் சுமார் 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் குத்தகை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு என்று ஆரம்பித்தார்கள். மழையை நம்பி நிலக்கடலை போட்டு நொந்தவர்களுக்கு அது நல்ல பணம்தான். ஆனால் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் அந்தப் பணம். அதே நிலத்தில் களையெடுத்துக் கூலி வாங்கிய பெண்ணுக்கு? அங்கே ஆடு மேய்த்தவருக்கு? "யாருக்கும் கெடுதல் இல்லை" என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நாளைக்கு வக்கீலாகப் போகிறவர் நீங்கள். பட்டா இருப்பவர் மட்டும்தான் உங்கள் கண்ணில் படுவாரா?

மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி பெரிய அனல்மின் நிலையம் என்றால் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். சூரிய மின்பூங்கா அந்தப் பட்டியலிலேயே இல்லை. புகை வராததால் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது. பிழைப்பு போவதற்குப் புகைதான் வர வேண்டுமா?

அந்தக் கூட்டங்களே கண்துடைப்புதானே என்பீர்கள். கடலோர அனல்மின் திட்டம் ஒன்றுக்கு நடந்த கூட்டத்தில் நான் இருந்தேன். முன்வரிசை முழுக்க ஆதரித்துப் பேசக் கூட்டி வந்தவர்கள். மீன் விற்கும் அம்மா ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "சுடுதண்ணிய கடல்ல விட்டா எறா எங்க போகும், சொல்லுங்க சார்" என்றார். மேடையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறியது. நாளை வழக்கு என்று வந்தால் கையில் பிடித்துக்கொள்ள அந்த ஒரு தாள் இருக்கும். பாவகடாவின் கூலிக்காரப் பெண்ணுக்கு அந்தத் தாளும் இல்லை. அவர் என்ன கேட்டிருப்பார் என்பது அப்படி ஒரு குறிப்பில் ஏறவே இல்லை. உங்கள் மூன்று கொள்கைகளில் இரண்டாவதை நான் முதலில் வைப்பது இதனால்தான். கேட்டிருந்தால்தான் யார் விடுபட்டார், யாருக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதே தெரிந்திருக்கும்.

விடுமுறையில், அந்த ஐந்து ஊர்களில் ஒன்றான திருமணி பக்கம் போய்வாருங்கள், தம்பி. கன்னடம் தெரிந்த நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். நிலம் இல்லாதவர்கள் வீட்டுக்கு முதலில் போங்கள். அவர்கள் சொன்னதை எனக்கு எழுதுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.