ஏரி தெரியும் வில்லா: முன்பணம் கொடுக்கும் முன் பின்பக்கம் போய்ப் பாருங்கள்

கேள்வி: சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வசிக்கிறோம். ஏற்காட்டில் ஏரியைப் பார்த்தபடி சரிவில் கட்டிய நான்கு படுக்கையறை வில்லா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஏரிப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, சரிவின் விளிம்பில் நீச்சல் குளம், அதற்குக் கீழே ஏரியை நோக்கி இறங்கும் மரத்தளம். ஏப்ரலில் போய்ப் பார்த்தோம், இருவருக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. முன்பணம் கேட்கிறார்கள். படங்கள் அனுப்பியிருக்கிறோம். வாங்கலாமா? அல்லது கன்னங்குறிச்சியில் மூக்கனேரிப் பக்கமே மனை பார்க்கலாமா?

பதில்: முதலில் நல்லதைச் சொல்கிறேன், சொல்வதற்கு நிறையவே இருக்கிறது. சாலை மட்டத்தில் நுழைந்து, படிப்படியாகக் கீழே இறங்கும் அமைப்பு மலைக்குப் பொருத்தமானது. தரையை ஒரே மட்டமாக வெட்டாமல், சரிவு போகிற போக்கிலேயே மூன்று தளங்களை அமைத்திருக்கிறார்கள். சில்வர் ஓக் மரங்களை வெட்டாமல் விட்டு, அவற்றுக்கு நடுவே ஏரி தெரியும்படி ஜன்னல்களை வைத்தவர் நிச்சயம் தேர்ந்த கட்டடக்கலைஞர். சாப்பாட்டு அறையை ஒட்டிய அந்த ஆழமான தாழ்வாரம் பழைய காப்பித் தோட்டத்து பங்களாக்களை நினைவுபடுத்துகிறது. வீட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். மழை நாளிலும் கதவைத் திறந்து வைத்து உட்காரலாம்.

கண்ணாடிச் சுவரைப் பற்றி எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், மூடுபனி வீட்டு வாசல் வரை வரும். ஒற்றைக் கண்ணாடி என்றால் குளிர்ந்த இரவுகளில் உள்பக்கம் நீர் கோத்து வழியும், கீழ்ச்சட்டம் ஊறும், திரைச்சீலையில் பூஞ்சணம் பிடிக்கும். படத்தில் திறக்கக்கூடிய பகுதி இரண்டே இரண்டுதான் தெரிகிறது. இன்னொன்று, இது ஊர் நடுவில் இருக்கிற ஏரி. படகு சவாரி நடக்கிறது, கரையில் சாலை ஓடுகிறது, மே மாதம் கோடை விழாக் கூட்டம் வேறு. உள்ளே விளக்குப் போட்டால் உங்கள் வரவேற்பறை எதிர்க்கரை வரை தெரியும். இரட்டைக் கண்ணாடியா, எத்தனை திறக்கும் என்று கேளுங்கள். ஒற்றை என்றால் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் இந்த வீட்டில் என்னைத் தடுத்து நிறுத்தியது ஏரிப் பக்கம் இல்லை, பின்பக்கம். வண்டி நிறுத்தும் இடத்துக்காக மலையைச் செங்குத்தாக வெட்டி, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு வரும் தாங்கு சுவர் ஒன்று எழுப்பியிருக்கிறார்கள். விற்பனைக்கு எடுத்த படங்களில் அது இல்லை. நீங்கள் எடுத்த படத்தின் ஓரத்தில்தான் தெரிகிறது. அதில் தண்ணீர் வடிய விடும் ஓட்டை ஒன்றைக்கூட என்னால் பார்க்க முடியவில்லை.

ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் அடியில் சார்னோக்கைட் என்கிற கடினப் பாறை, அதன்மேல் மண். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, பாறையில் தட்டி, அதன் மேற்பரப்போடு சரிந்து வரும். வழியில் வடிகால் இல்லாத சுவர் நின்றால் தண்ணீர் பின்னால் தேங்கும். மூன்று மீட்டர் உயரத்துக்குத் தேங்கினால் சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு மூன்று டன் அழுத்தம், அதுவும் தண்ணீருக்கு மட்டும். மண்ணின் தள்ளல் தனி. ஏப்ரலில் உறுதியாக நிற்கிற சுவர் ஐப்பசி கார்த்திகையில் வயிறு தள்ளுவது இப்படித்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுச் சாலையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது உங்களுக்கு நினைவிருக்கும்.

அதனால் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் மறுபடி போங்கள். சுவரில் கிடைமட்டமாக விரிசல் ஓடுகிறதா, வெள்ளை உப்பு பூத்திருக்கிறதா, சுவருக்கு மேலே தண்ணீரை ஓரமாகத் திருப்பிவிடும் வடிகால் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே நிற்கிற மரங்களின் அடிப்பாகம் வளைந்து, நுனி மட்டும் நேராக எழுந்திருந்தால் அந்த மண் மெல்ல நகர்கிறது என்று சந்தேகப்படலாம். சுவரின் வடிவமைப்பு வரைபடத்தைக் கட்டாயம் கேளுங்கள்.

அடுத்தது நீச்சல் குளம். எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், ஒன்றேகால் மீட்டர் ஆழம் என்று வைத்தால் தண்ணீர் மட்டுமே 40 டன். அது சரிவின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பிய இடத்தில் கட்டியிருந்தால் குளம் ஒரு பக்கமாக இறங்கும், ஓடு வெடிக்கும், கசிகிற தண்ணீர் கீழ்ச்சரிவை இளக்கும். தூண்கள் பாறை வரை போகின்றனவா என்பதை வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள், மண் பரிசோதனை அறிக்கையில் பாருங்கள். கோடையில் இந்தக் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். கடினப் பாறையில் போர் போட்டாலும் நீர் கிடைப்பது பாறை வெடிப்பைப் பொறுத்த விஷயம்.

செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது என்று எந்தப் படத்திலும் இல்லை. ஏரிக்கு மேலே குடியிருக்கிறவர் ஏரியைக் கெடுக்கக் கூடாது, இதில் எனக்குச் சமரசம் கிடையாது. டேங்கிலிருந்து வரும் கழிவுநீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழி மரத்தளத்துக்குப் பக்கத்தில் சரிவில் இருந்தால், வேறு இடத்துக்கு மாற்ற ஒப்புக்கொண்ட பிறகே மற்ற பேச்சு.

இனி காகிதங்கள். ஏற்காட்டு மலைக் கிராமங்கள் ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்பு ஏற்பாட்டுக்குள் வருகின்றன. வனம், கனிமவளம், வேளாண் பொறியியல் ஆகிய துறைகளின் கருத்தோடு கிடைத்த அனுமதி வேண்டும். அனுமதித்த வரைபடத்தில் இந்தக் குளமும் மரத்தளமும் இருக்கின்றனவா என்று பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பெரும்பாலும் இந்த மாதிரிச் சேர்க்கைகள்தான் பின்னால் முளைக்கும். அப்புறம், மரத்தளம் முடிகிற இடத்துக்கும் ஏரிக்கும் நடுவே உள்ள நிலம் யாருடையது? கிராம நிலங்களின் வகையைக் காட்டும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கு என்று இருந்தால், அதன்மேல் கட்டிய எதையும் அரசு அகற்றலாம். தனியார் பட்டா என்றால் நாளை அங்கே மூன்று மாடி எழும்பி ஏரியை மறைக்கலாம். நீங்கள் அதிகம் பணம் கொடுக்கிற அந்தக் காட்சிக்கு எந்தப் பத்திரமும் பாதுகாப்பு இல்லை. புல வரைபடத்தோடு சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று பார்க்கிற வக்கீலிடம், நிலம் எப்போதாவது நிபந்தனைப் பட்டாவாக, அதாவது கைமாற்றக் கட்டுப்பாடு போன்ற நிபந்தனைகளோடு அரசு ஒப்படைத்த நிலமாக, இருந்ததா என்று கேட்கச் சொல்லுங்கள். மலைவாழ் மக்களுக்கு ஒப்படைத்த நிலம் கைமாறியிருந்தால் சிக்கல் பெரியது.

மூக்கனேரிப் பக்கம் சரிவுப் பிரச்சினை இல்லை, செலவும் குறைவு. ஆனால் அது சேர்வராயன் அடிவாரத்து நீரை வாங்குகிற ஏரி. வரத்து வாய்க்காலையோ உபரிநீர் போகும் வழியையோ தொட்டுக்கொண்டிருக்கிற மனை எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். ஏரி எல்லையிலிருந்து 15 மீட்டருக்குள் வந்தால் கட்டட அனுமதியே கேள்விக்குறி.

ஏற்காட்டு வீட்டை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவரைச் சரிசெய்து, வடிகால் போட்டு, குளத்தின் அஸ்திவாரம் பாறையில் நிற்கிறது என்று உறுதியானால் நான் மனசாரப் பரிந்துரைப்பேன். இப்போதைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். சுவரை நேராக நின்று எடுத்த படமும், அனுமதி வரைபடத்தின் நகலும் அனுப்புங்கள். விலை பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.