பக்கவாத மறுவாழ்வுப் பிரிவு: ஆய்வில் கண்ட பலன் வார்டிலும் கிடைக்குமா?

கேள்வி: 64 வயதான என் தந்தைக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறுகிறது. மதுரையில் சிகிச்சை பெறும் அவரை, அங்குள்ள மறுவாழ்வுப் பிரிவில் சில வாரங்கள் வைத்திருக்கலாம் என்கிறார்கள். வீட்டுக்கு அழைத்து வந்து எண்ணெய் தேய்த்து, நாமே கைகாலை அசைத்துவிட்டால் போதும் என்பது உறவினர்களின் எண்ணம். வெளிநாட்டு ஆய்வுகள் சொல்லும் பலன் சாதாரண மருத்துவமனையில் கிடைக்குமா?
- ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: கிடைக்கும், தயங்காமல் மாற்றுங்கள். பக்கவாதத்துக்கென்றே உள்ள பிரிவைப் பொது வார்டு உள்ளிட்ட பிற ஏற்பாடுகளோடு ஒப்பிட்ட 29 ஆய்வுகளை 2020இல் தொகுத்துப் பார்த்தபோது, சிறப்புப் பிரிவில் இருந்த ஒவ்வொரு நூறு பேரிலும் கூடுதலாக இருவர் உயிர்பிழைத்திருந்தனர், கூடுதலாக ஆறு பேர் பிறர் உதவியின்றி வாழ்ந்தனர். வயது, பாதிப்பின் கடுமை எதுவானாலும் இந்தப் பலன் இருந்தது. தேர்ந்தெடுத்த நோயாளிகளிடம் கண்டது அன்றாட வார்டில் நிற்குமா என்ற உங்கள் ஐயம் மருத்துவர்களுக்கும் இருந்ததுதான். இத்தாலியில் வழக்கமான சிகிச்சை பெற்ற 11,572 பேரைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியான ஆய்விலும் சிறப்புப் பிரிவில் இருந்தவர்களே மேலான நிலையில் இருந்தனர். இத்தகைய ஒப்பீட்டில் யார் எந்த வார்டுக்குப் போனார்கள் என்பதும் முடிவைச் சற்றுப் பாதிக்கும் என்றாலும், இரண்டும் ஒரே திசையைக் காட்டுவதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்தப் பலனுக்குக் காரணம் விலையுயர்ந்த கருவி அல்ல; மருத்துவர், செவிலியர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோர் ஒரே நோயாளியைப் பற்றிக் கூடிப் பேசி வேலை செய்வதுதான். ஆகவே, பெயர்ப்பலகையைப் பார்க்காமல் வார்டில் நடப்பதைப் பாருங்கள். விழுங்கும் திறனைச் சோதித்த பிறகுதான் உணவு கொடுக்கிறார்களா? பார்வை நேரத்தில் அன்போடு ஊட்டும் கஞ்சி, இருமலோ குரலில் கரகரப்போ தோன்றினால், நுரையீரலுக்குள் போயிருக்கக்கூடும். அதனால் வரும் நிமோனியா உயிருக்கே ஆபத்தானது. எழுப்பும்போது வலுவிழந்த கையைப் பிடித்து இழுக்கிறார்களா, உடலைத் தாங்கி எழுப்புகிறார்களா என்பதையும் கவனியுங்கள். தளர்ந்த தோள் மூட்டு எளிதில் நழுவி, பயிற்சியையே முடக்கும் வலியைத் தரும். வாரம் ஒருமுறையாவது எல்லோரும் கூடி இலக்கை நிர்ணயிக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

உறவினர்களின் யோசனைக்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பகுதியினரின் குடும்பத்தாருக்குப் பயிற்சியளித்து, வீட்டில் அவர்களையே மறுவாழ்வுப் பயிற்சி செய்விக்கச் சொன்னார்கள். 2017இல் வெளியான முடிவுப்படி, ஆறு மாதத்துக்குப் பிறகு அவர்களுக்கும், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற மற்றவர்களுக்கும் வேறுபாடு இல்லை. குடும்பத்தின் உழைப்பு வீண் என்று இதற்குப் பொருளில்லை. வழக்கமான சிகிச்சைக்கு மேல் அது கூடுதல் பலன் தரவில்லை என்பதே பொருள்; ஆகவே, பயிற்சி பெற்ற குழுவின் இடத்தை அது நிரப்பும் என்று நம்பியிருக்க முடியாது. மிதமாக எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை, ஆனால் அது பயிற்சியாகாது.

வீடு திரும்பும் முன், செய்ய வேண்டிய பயிற்சிகளை உங்கள் கையாலேயே செய்து காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் ஏற்பாடு உண்டு; ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டிப் பெயரைப் பதிவு செய்துவிடுங்கள்.