மலைப்பள்ளிக்கு ஓர் அறிவியல் அறை: கண்ணாடிப் பெட்டி வேண்டாம்

கேள்வி: கோத்தகிரி அருகே நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். காலியாகக் கிடக்கும் ஒரு வகுப்பறையை அறிவியல் அறையாக்க முன்னாள் மாணவர்கள் 60,000 ரூபாய் தந்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டி மாதிரிகளை வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டால் அங்கே குழந்தைக்கு வேறு வேலை இல்லை. இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரடோரியத்தில், வருபவர்கள் தாமே தொட்டு, மாற்றி, மறுபடி செய்துபார்க்கிறார்கள். எந்தப் பொருளை வாங்கும்போதும் இதில் குழந்தை எதை மாற்ற முடியும் என்று கேளுங்கள்.

மண்ணில் தொடங்கலாம். இரண்டு நீளத் தட்டுகள். ஒன்றில் வெறும் மண், மற்றதில் வேரோடு பெயர்த்த புல்தரை. ஒரு முனையைச் செங்கல்லால் உயர்த்தி, இரண்டிலும் ஒரே அளவு தண்ணீரைப் பூவாளியால் ஊற்றட்டும். கீழே வைத்த டம்ளர்களில் ஒன்றில் செம்மண் குழம்பு நிறையும். மற்றதில் நீர் ஏறக்குறைய தெளிவாக இருக்கும். யாரும் சொல்லாமலே இன்னொரு செங்கல்லை வைப்பார்கள், புல்லை வரிசையாக நட்டுப் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து சாலை மூடியதைக் கண்ட பிள்ளைகள் அல்லவா! ஊற்றும் முன் என்ன நடக்கும் என்று சிலேட்டில் எழுதவையுங்கள். தவறாக எழுதியதை உடனே அழிக்கவிடாதீர்கள்.

வெளியே வெயில் படும் இடத்தில், நீளவாக்கில் பாதியாக வெட்டிய 6 அங்குல பிவிசி குழாயை வையுங்கள். வடக்கு முனை 11 டிகிரி உயரட்டும். உங்கள் ஊரின் அட்சரேகை அதுதான். நடுவே நீளவாக்கில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டினால், அதன் நிழல் மணிக்குச் சுமார் 2 செ.மீ. நகரும். ஊட்டி முத்தொரையில் உள்ள 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியும் இதே கணக்கில்தான் 11 டிகிரி மலைச்சரிவில் கிடக்கிறது. அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணை. குழாயில் நிழலைப் பார்த்த பிறகு பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

பார்ட்டிக்கிள் போர்டு (மரத்தூளை ஒட்டி அழுத்திய பலகை) மேசை நம் ஈரத்தில் உப்பிவிடும். கெட்டி மரப்பலகையும் துருப்பிடிக்காத ஸ்க்ரூவும் நல்லது. சிறுவர்களுக்கு மேசை உயரம் 60 செ.மீ. போதும். 20,000 ரூபாயைப் பழுதுபார்க்க ஒதுக்குங்கள். பிள்ளைகள் கை படுகிற பொருள் உடையத்தான் செய்யும். அறைச் சாவி பீரோவுக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மதிய இடைவேளையில் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.