சூரைக்குக் காவல் யார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாகர்கோவில் வாசகர்: இந்தியப் பெருங்கடலில் சூரை (டூனா) மீன் பிடிக்க நாடுகள் கூடி விதி போடுகின்றனவாம். ஒரு நாடு ‘முடியாது’ என்றால்?

அந்த நாட்டை விட்டுவிடுவார்கள். விதியே அப்படித்தான். சீஷெல்ஸின் விக்டோரியா நகரில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 1996 முதல் இயங்குகிறது. இந்தியா, இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா, ஐரோப்பிய ஒன்றியம் என்று சுமார் 30 உறுப்பினர்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைத்தால் தீர்மானம் நிறைவேறும். ஆனால் 120 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்த நாட்டை அது கட்டுப்படுத்தாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆட்சேபித்தால் மற்ற நாடுகளும் கட்டுப்பட வேண்டியதில்லை.

2023 பிப்ரவரியில் மொம்பாசா கூட்டத்துத் தீர்மானத்துக்கு இதுதான் நேர்ந்தது. கடலில் மிதவை இறக்கி, அதனடியில் ஒதுங்கும் சூரையைப் பிடிப்பதை ஆண்டுக்கு 72 நாள் நிறுத்தச் சொல்லி இந்தோனேசியா கொண்டுவந்த தீர்மானம் வாக்கெடுப்பில் வென்றது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம், சீஷெல்ஸ் எனப் பல ஆட்சேபங்கள் வந்தன. தீர்மானம் செல்லாமல் போனது. ஸ்பெயின், பிரான்ஸ் கம்பெனிகளின் கப்பல்களுக்கு மிதவைதான் பிழைப்பு என்பதைச் சேர்த்துப் பாருங்கள். நாமும் சளைத்தவர்கள் அல்ல: வெள்ளை நுனித் துடுப்புள்ள ஆழ்கடல் சுறாவைக் காக்கும் 2013ஆம் ஆண்டுத் தீர்மானத்தை இந்தியா இதே வழியில்தான் ஆட்சேபித்தது.

தூத்துக்குடி வாசகர்: தென்னை ஓலை கட்டிக் கடலில் இறக்கி மீன் சேர்ப்பது நம் ஊரிலும் உண்டு. மிதவையில் அப்படி என்ன குற்றம்?

கல்லைக் கட்டி இறக்கிய ஓலை இறக்கிய இடத்திலேயே கிடக்கும். கப்பல்காரர்களின் மிதவை நீரோட்டத்தோடு அலையும். மூங்கிலோ பிளாஸ்டிக்கோ வைத்துக் கட்டிய ஒரு தெப்பம், அதற்குக் கீழே பல மீட்டர் நீளத்துக்குத் தொங்கும் கயிற்று வால், கூடவே சாட்டிலைட் கருவி. கருவியில் ஒலி அனுப்பி மீன் இருப்பதை அறியும் எக்கோ சவுண்டரும் இருப்பதால், அடியில் ஏறக்குறைய எத்தனை டன் மீன் நிற்கிறது என்ற தகவல் கப்பலுக்குப் போய்விடும். கப்பல் தேடி அலைய வேண்டியதில்லை. விடியுமுன் வந்து, ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள சுருக்குவலையைச் சுற்றி வளைத்தால் போதும்.

கப்பலுக்கு வேண்டியது டின்னில் அடைக்கும் வரிச்சூரை. அது சீக்கிரம் பெருகும் மீன், அதனால் பெரிய கேடில்லை. சிக்கல் அதே நிழலில் ஒதுங்கும் மஞ்சள் துடுப்புச் சூரை, பெருங்கண் சூரைக் குஞ்சுகளால் வருகிறது. மஞ்சள் துடுப்புச் சூரை முட்டையிட ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமாவது வளர வேண்டும். அப்போது எடை 20 கிலோவை ஒட்டி இருக்கும். மிதவையடியில் சிக்குபவை பெரும்பாலும் அரை மீட்டர், இரண்டு மூன்று கிலோ. நீளக் கயிற்றில் வரிசையாக முள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலில் பெரிய மீனாக ஏற வேண்டியது இங்கே டின்னுக்குப் போகிறது. வால் பழைய வலைத்துண்டாக இருந்தால் ஆமையும் சுறாவும் மாட்டிச் சாகும். அதனால்தான் வலைத்துண்டு கூடாது, உயிர்களைச் சிக்கவைக்காத வால்தான் வேண்டும் என்று விதி வந்தது.

ஒரு கப்பலுக்கு 300 மிதவை என்று 2019இல் உச்சவரம்பு வைத்தார்கள்; 2024இல் அதைப் படிப்படியாகக் குறைக்க முடிவு செய்தார்கள். ஆனால் கணக்கில் வருவது சிக்னல் தரும் கருவிகள் மட்டும். தூரம் போன மிதவையின் கருவியை அணைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை இறக்கினால் கணக்கு சரியாக இருக்கும். கைவிட்ட தெப்பம் ஏதாவது பவளப்பாறையில் போய்ச் சிக்கும்.

யாழ்ப்பாண வாசகர்: ஐரோப்பா ஒருமுறை எங்கள் மீனைத் தடை செய்ததே, அதனால் பலன் உண்டா?

உண்டு. 2012 நவம்பரில் மஞ்சள் அட்டை (எச்சரிக்கை), 2014 அக்டோபரில் சிவப்பு அட்டை (தடைக்கான முடிவு), 2015 ஜனவரியில் இறக்குமதித் தடை. கண்காணிப்பு இல்லாமல் படகுகள் சர்வதேசக் கடலுக்குப் போகின்றன, தண்டனை பெயரளவில் இருக்கிறது என்பவை முக்கியக் குற்றச்சாட்டுகள். பலநாள் படகுகளில் சாட்டிலைட் கண்காணிப்புக் கருவி, ஆழ்கடல் உரிமம், பதிவேடு, கடும் அபராதம் என்று இலங்கை செய்து காட்டிய பிறகு 2016இல் தடை நீங்கியது. கூட்டத்தில் கை தூக்குவதைவிடச் சந்தைக் கதவை மூடுவது வேகமாக வேலை செய்கிறது. குறையும் உண்டு: அட்டை கொடுப்பவரே மொம்பாசாவில் ஆட்சேபித்தவர்.

சென்னை வாசகர்: 2023இல் ஏற்கப்பட்ட ஐ.நா. ஆழ்கடல் உடன்படிக்கையால் இந்தச் சிக்கல் தீருமா?

சூரைக்கு நேரடியாக உதவாது. கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால் பாதுகாப்புப் பகுதி அறிவிக்க அது வழி தருகிறது. ஆனால் சூரை ஆணையம் போன்ற அமைப்புகளின் அதிகாரத்தைக் குலைக்கக் கூடாது என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது.

சின்னத்துறை வாசகர்: படகில் பதிவேடு எழுதச் சொல்கிறார்கள். எல்லாம் சூரைதானே, பிரித்து எழுத என்ன அவசியம்?

இந்தப் பதிவை வைத்துத்தான் எந்த இனம் தேய்கிறது என்று ஆணையம் கணக்கிடுகிறது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி என்றால் பிடிப்புச் சான்றிதழும் இதோடு பொருந்த வேண்டும். இனமோ எடையோ முரண்பட்டால் சரக்கு நின்றுவிடும். தேதி, வலை அல்லது தூண்டில், தூண்டிலானால் முள் எண்ணிக்கை, ஜி.பி.எஸ். காட்டும் இடம், இனவாரியாக எடை ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். கரைக்கு வந்தபின் நினைவிலிருந்து எழுதும்போதுதான் எல்லா நாளும் ஒரே எடையாகிவிடுகிறது.

சிறு மீனில் மஞ்சள் துடுப்பும் பெருங்கண்ணும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும். வயிற்றைக் கீறி ஈரலைப் பாருங்கள். வழவழப்பாக, மூன்று மடலில் வலது மடல் நீண்டிருந்தால் மஞ்சள் துடுப்பு. ஓரத்தில் மெல்லிய கோடு கோடாக நரம்போடி, மூன்று மடலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் பெருங்கண். குடலெடுத்து ஐஸில் போட்டபின் இந்த அடையாளம் கிடைக்காது. ஆகவே குடலெடுக்கும் ஆளே பிரித்துப் போடட்டும்.