மளிகை ஆர்டர், கடையில் பிக்கப்: கேள்வி பதில்

போனில் ஆர்டர் வாங்கிக் கட்டிவைத்து, வாடிக்கையாளரே கடைக்கு வந்து எடுத்துப்போகும் முறையைச் சீர்செய்வது பற்றி வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் திருச்சியில் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரின் பிக்கப் கவுண்டரைக் கவனித்துவரும் பெண்மணி.

கும்பகோணம், கடைக்காரர்: அக்கா, நாள் பூரா வாட்ஸ்அப்பில் லிஸ்ட் வருது. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிக்கிறாங்க. இன்னும் ரெண்டு ஆள் போடட்டுமா?

ஆள் போடுவதற்கு முன்னால் நேரத்தைப் பிரியுங்கள் தம்பி. ஒரு சராசரி லிஸ்ட்டை எடுத்து, எடைபோட்டு, பில் போட்டுக் கட்ட எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். 20 நிமிஷம் என்றால் இரண்டு பேர் ஒரு மணி நேரத்தில் 6 ஆர்டர் கட்டலாம். அந்த மணிக்கு 5 பேருக்கு மட்டும் நேரம் கொடுங்கள். ஆறாவது இடம் இடையில் வரும் தடங்கலுக்கு. மாதத்தின் முதல் வாரம் சம்பளம் வந்து லிஸ்ட் நீளமாக இருக்கும், அப்போது மணிக்கு 3 பேருக்கு நேரம் கொடுத்தால் போதும். "அஞ்சரைக்கு இடம் இல்லை, ஏழுக்கு வர்றீங்களா?" என்று முன்கூட்டியே கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை. வரச்சொல்லிவிட்டு நிற்கவைத்தால்தான் கோபம் வரும்.

இன்னொன்று, லிஸ்ட் வந்தவுடன் படியுங்கள். "அரிசி 5 கிலோ" என்று மட்டும் இருந்தால் பச்சரிசியா, புழுங்கலா, இட்லி அரிசியா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். கட்டும்போது கேட்டால் அவர் போனை எடுக்காமல் போகலாம், மொத்த வேலையும் நின்றுவிடும்.

மதுரை, வாடிக்கையாளர்: "ரெடி"ன்னு மெசேஜ் வந்துச்சு. போனா மூணு சாமான் இல்லை, ஒண்ணுக்கு வேற கம்பெனி. இதுக்கு நேராவே கடைக்குப் போயிருக்கலாமே மேடம்?

உங்கள் கோபம் நியாயமானது. இந்தச் சேவையில் நான் மாற்றவே கூடாது என்று நினைக்கும் விதி ஒன்று உண்டு: வாடிக்கையாளர் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்குள் இருப்பது, இல்லாதது, மாற்று எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும். "ரெடி" என்ற செய்தி அதன்பிறகுதான் போக வேண்டும்.

சாமான் ஏன் குறைகிறது? கம்ப்யூட்டரில் நாலு பாக்கெட் காட்டும். அதில் ஒன்று கிழிந்திருக்கும், இன்னொன்று கவுண்டரில் நிற்பவர் கூடையில் இருக்கும். அதனால் வேகமாக ஓடும் சரக்கு நாலைந்துக்குக் கீழே வந்தால் ஆன்லைனில் "இல்லை" என்று காட்டிவிடுவது நல்லது. ஒன்றிரண்டு விற்பனை போகலாம், பேர் கெடாது.

மாற்றுக்கு ஆர்டர் போடும்போதே ஒரு கேள்வி போதும்: வேறு கம்பெனி சம்மதமா, அதே கம்பெனியில் வேறு அளவு சம்மதமா, எதுவும் வேண்டாமா? சர்க்கரைக்கும் உப்புக்கும் கம்பெனி மாறினால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. காபித்தூள், பெருங்காயம், சாம்பார் பொடி ஆகியவற்றைக் கேட்காமல் மாற்றக் கூடாது. குழந்தைக்கான பால்பவுடரை ஒருபோதும் மாற்றக் கூடாது. கடை கொடுக்கும் மாற்று விலை கூடுதலாக இருந்தால், அந்த வித்தியாசத்தைக் கடைதான் ஏற்க வேண்டும் என்பது என் கருத்து. கவுண்டரில் அந்தப் பொருளைத் தனியாக எடுத்துக் காட்டி, வேண்டாம் என்றால் பில்லிலிருந்து கழித்துவிட வேண்டும். பைக்குள் ஒளித்து அனுப்பினால் அந்த வீட்டு ஆர்டர் மறுபடி வராது.

லண்டன், ஹாரோ: இங்கே காரைவிட்டு இறங்காமலே வாங்கிடறேன் அக்கா. ஊர்ல அம்மாவுக்கு முழங்கால் வலி. நம்ம கடைகள்ல அது நடக்குமா?

நடக்கும். இந்த முறையைப் பெரிதாக வளர்த்தது பிரான்ஸ். அங்கே ஆஷான் என்ற சூப்பர்மார்க்கெட் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது, இன்னொரு சூப்பர்மார்க்கெட் நிறுவனமான லெக்லேர் 2007இல் வந்தது. அங்கே இதற்கு "டிரைவ்" என்றே பேர். பல இடங்களில் கடையே கிடையாது, பிக்கப்புக்கென்றே ஒரு கிடங்கு, வண்டி நிறுத்த வரிசையாக இடம். ஊழியர் வந்து டிக்கியில் ஏற்றிவிடுவார்.

நம் ஊரில் வருவது பெரும்பாலும் இரு சக்கர வண்டி. கட்டும் முறையும் அதற்குத் தகுந்தாற்போல் மாற வேண்டும். ஒரே பெரிய பையாகக் கட்டாமல், ஸ்கூட்டர் கால்வைக்கும் இடத்தில் நிற்கும்படி அகலமாக ஒன்று, கொக்கியில் மாட்ட ஒன்று என்று பிரிக்க வேண்டும். எண்ணெய் பாக்கெட்டை அடியில் போட்டால் வண்டிக் குலுக்கலில் உடையும். 25 கிலோ அரிசி மூட்டையைப் பிக்கப்பில் சேர்க்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவதே சரி. அம்மா ஆட்டோவில் வந்தால், வாசலில் நின்று ஒரு போன் செய்யட்டும், கடைப் பையன் கொண்டுவந்து வைப்பான். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. வாசல் ஓரத்தில் ஒரு வண்டி நிற்க இடம் விட்டாலே போதும்.

ஈரோடு: பால், ஐஸ்கிரீம், இட்லி மாவு எப்போ பைக்குள்ள வைக்கணும்?

ஆள் வந்த பிறகு. குளிர்ப் பொருள் 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, உறைந்தது மைனஸ் 18இல் இருக்க வேண்டும். வெளியே 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் கெட்டுப்போகும் உணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதே என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி. ஈரோட்டில் சித்திரை மாதம் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாவு பாக்கெட் வெளியே இருந்தால் புளித்து உப்பிவிடும். பையின் மேல் "பிரிட்ஜில் 2" என்று சிவப்புச் சீட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் கொடுக்க மறந்துபோகும்.

சேலம்: தக்காளி 1 கிலோ கேட்டா 1.100 வருது. முன்னாடியே பணம் வாங்கினா தகராறு.

எடைபோட்டு முடித்தபிறகு யுபிஐயில் வாங்குங்கள். முன்னரே வாங்கியிருந்தால், எடை குறைந்ததற்கான தொகையை அன்றே திருப்பிவிடுங்கள்.

தஞ்சாவூர்: பைக்குக் காசு வாங்கலாமா?

பிளாஸ்டிக் கேரி பேக் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. துணிப்பைக்கு விலை சொல்லலாம். அதைவிட, பிளாஸ்டிக் டிரேயில் அடுக்கிவைத்து அவர் கொண்டுவரும் மஞ்சப்பையில் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். மாற்றும்போதே சாமானையும் சரிபார்த்துவிடுவார்.

கோவை, கடை ஊழியர்: அக்கா, நான்தான் லிஸ்ட் பார்த்து சாமான் எடுக்கிறவ. ஒரு ஆர்டருக்கு அறுபது அயிட்டம், கடையைப் பத்து சுத்து சுத்தறேன். தப்பு வந்தா திட்டு எனக்கு.

தங்கச்சி, லிஸ்ட் எழுதியவர் வரிசையில் நீங்கள் நடக்க வேண்டாம். ரேக் வரிசைப்படி லிஸ்ட்டை மாற்றி அச்சடித்துத் தரச் சொல்லுங்கள், பில்லிங் சாப்ட்வேர் பலவற்றில் அது முடியும். கனமானவை முதலில், முட்டையும் ரொட்டியும் கடைசியில். எடுத்தவர் ஒருவர், பில்லோடு ஒத்துப்பார்ப்பவர் வேறொருவர். எடுத்தவரே சரிபார்த்தால் அவர் செய்த தப்பு அவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் திட்டை உங்கள் தலையில் மட்டும் போடுவது முறையில்லை என்று முதலாளியிடம் சொல்லலாம்.

அப்புறம், ஆர்டர் இல்லாத நேரத்தில் உட்காருங்கள். தமிழ்நாட்டில் கடை ஊழியருக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் சட்டத்திருத்தம் வந்திருக்கிறது. பிக்கப் கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்குங்கள்.