வீராணம் கரையில் தங்கி, நாலு சோழர் ஊர்களையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

கேள்வி: கோவையிலிருந்து வருகிறோம். காட்டுமன்னார்கோயில் பக்கம், வீராணம் ஏரிக்கரையில் சித்தப்பா வீட்டில் நான்கு நாள் தங்கல். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. சிதம்பரம், கங்கைகொண்டசோழபுரம், தாராசுரம், தஞ்சாவூர் நான்கையும் ஒரே நாளில் காட்டிவிடுவதாக ஒரு டிராவல்ஸ்காரர் பேக்கேஜ் சொல்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். காட்டுமன்னார்கோயிலில் புறப்பட்டுச் சிதம்பரம் போய்த் திரும்பி, மீன்சுருட்டி வழியாகக் கங்கைகொண்டசோழபுரம், அணைக்கரை தாண்டித் தாராசுரம், பிறகு தஞ்சாவூர், மறுபடி வீடு. எல்லாம் சேர்த்து 240 கிலோமீட்டரை ஒட்டி வரும். டிராக்டர், கரும்பு லாரி, ரோட்டில் காயும் நெல் என்று போகும் டெல்டா பாதையில் மணிக்கு 40 கிலோமீட்டர் கிடைத்தாலே அதிகம். ஆறு மணி நேரம் காரிலேயே கழியும். நண்பகலில் நடை சாத்தினால் நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். மிச்சமிருக்கும் நேரத்தில் கோபுரத்தின் முன்னால் நின்று ஒரு போட்டோ எடுக்கலாம், அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் இந்தப் பேக்கேஜ்? வாடகைக் கார்களில் ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் மினிமம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நாலு ஊரும் அந்தக் கணக்குக்குள் கச்சிதமாக அடங்குகின்றன. உங்கள் அம்மாவின் முழங்கால் அந்தக் கணக்கில் இல்லை.

கார் பேசும்போது முதலில் கேட்க வேண்டியது, கிலோமீட்டர் எங்கிருந்து ஓட ஆரம்பிக்கிறது என்பது. ‘ஷெட் டு ஷெட்’ என்றால் வண்டி அதன் கொட்டகையிலிருந்து கிளம்பும்போதே மீட்டர் உங்களுடையது. கும்பகோணத்து வண்டியை ஏரிக்கரைக்கு வரவழைத்தால் வந்து போவதற்கே 100 கிலோமீட்டர் அழ வேண்டும். காட்டுமன்னார்கோயிலிலோ சிதம்பரத்திலோ பேசுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் பேட்டா, இரவு பேட்டா, டோல் எல்லாம் தொகைக்குள்ளா வெளியிலா என்பதை முதல் நாளே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். மஞ்சள் போர்டு இல்லாத சொந்தக் காரை வாடகைக்கு அனுப்பினால் ஏறாதீர்கள்; விபத்து என்றால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். ‘இவ்வளவு தூரம் வந்தாச்சு, திருநள்ளாறையும் முடிச்சிடலாம்’ என்று டிரைவர் ஆரம்பித்தால், அது காரைக்கால், புதுச்சேரி எல்லை. பெர்மிட் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

சரி, எப்படிப் பிரிப்பது? தஞ்சாவூருக்கு முழு நாள் கொடுங்கள். புதன்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அரண்மனை வளாகத்துச் சரஸ்வதி மகால் நூலக அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினால் ஏழரைக்குப் பெரிய கோயில். வெயில் ஏறுவதற்குள் சுற்றுப் பிராகாரத்தை முடித்துவிட்டு, பத்து மணிக்கு மேல் அரண்மனைக் கலைக்கூடம். அங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் நிற்கிறார். 1011-ஆம் ஆண்டுச் செப்புத் திருமேனி. மாட்டின் மேல் சாய்ந்திருக்க வேண்டிய கை, மாடு இல்லாமலே காற்றில் ஊன்றியிருக்கிறது. தலையில் பாம்பைச் சுற்றிய முண்டாசு. புதன் பரிகாரத்துக்கென்று திருவெண்காடு போகிறவர்களில் எத்தனை பேருக்கு இவர் தஞ்சையில் இருப்பது தெரியும்?

பெரிய கோயில் வாசலில் கைடு வைப்பதானால் சுற்றுலாத் துறை அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஆரம்பிக்கிறவரை அங்கேயே நிறுத்திவிடலாம். நிழல் விழும், சாயங்காலம் நீங்களே பார்க்கலாம். உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல் என்பதும் அப்படித்தான். அது பல துண்டுகளைச் சேர்த்த சிகரம். 1010-இல் குடமுழுக்குக் கண்ட கோயில், சுமார் 216 அடி உயரம். உண்மையே போதுமான அளவு பெரிது.

கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களைப் பார்க்க விடமாட்டார்கள். நாயக்கர் காலப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்தவற்றை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். மேல்தளத்தில், நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களில், அதாவது ஆடல் நிலைகளில், 81-க்குச் சிற்பங்கள். மீதி 27 கட்டங்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. அங்கும் அனுமதி இல்லை. ஓவியத்தைக் காப்பாற்றப் பூட்டுவது நியாயம்தான். ஆனால் கோயில் வளாகத்து விளக்கக் கூடத்தில் இருக்கும் படங்களாவது எங்கே என்று வாசலில் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பலகை வைக்கக் கூடாதா? கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது.

நடை சாத்துவது பற்றி ஒன்று. பூசை ஒரு நிர்வாகம், கட்டடம் மத்தியத் தொல்லியல் துறை. அதனால் தஞ்சையிலும் கங்கைகொண்டசோழபுரத்திலும் மதியம் சாத்துவது சன்னதியை மட்டும்தான். வெளிப் பிராகாரம் திறந்திருக்கும். நீங்கள் பார்க்க வந்த சிற்பங்களில் பெரும்பகுதி வெளிச் சுவரில்தான் இருக்கின்றன. ‘கோயில் சாத்திட்டாங்க சார்’ என்று டிரைவர் சொல்வது பாதி உண்மை. அந்த நாலு மணி நேரம் அவருக்குக் கடை காட்டும் நேரம். ஆனாலும் மதியம் போங்கள் என்று சொல்ல மாட்டேன். சித்திரை, வைகாசியில் அந்தக் கல்தரையில் வெறுங்காலோடு பத்தடி வைக்க முடியாது. தடித்த பருத்திக் காலுறை போட்டாலும் பெரியவர்களுக்குச் சிரமம். மார்கழி, தையில் மேகமூட்டமான நாள் என்றால் தாராளமாகப் போகலாம், கூட்டமும் இராது. சிதம்பரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

அந்தக் கடை விஷயம்: உலோகச் சிலைக்குப் பேர்போன சுவாமிமலையில் மெழுகு வார்ப்பு என்றால் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள், ஒரு அச்சு, ஒரு சிலை. அலமாரியில் ஒரே முகத்தோடு பத்து நடராஜர் வரிசையாக இருந்தால் அது அந்த வேலை அல்ல. டிரைவர் கூட்டிப்போகும் கடையில் அவர் கமிஷனும் விலையில் இருக்கும். ‘மண்ணுக்கடியில் கிடைத்த பழசு’ என்று யாராவது காதில் கிசுகிசுத்தால் நடையைக் கட்டுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் விற்றவனோடு வாங்கியவரையும் இழுக்கும்.

தஞ்சையிலிருந்து மூன்று மணிக்குத் திரும்பினால் நாலு மணிக்குத் தாராசுரம். விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி, ஒரு அடிக்கும் குறைவான கட்டங்களில் பெரியபுராணம் முழுக்க ஓடுகிறது. முதலை வாயிலிருந்து பிள்ளை வரும் உங்கள் அவிநாசிக் கதையும் உண்டு, தேடிப் பாருங்கள். சாய்வெயிலில்தான் இவ்வளவு சின்னச் சிற்பம் தெளியும். முற்றம் பள்ளம்; ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் கட்டும்.

கங்கைகொண்டசோழபுரம் உங்களுக்கு 25 கிலோமீட்டர்தான். இன்னொரு நாள் பிற்பகல் மூன்றரைக்குக் கிளம்பினால் போதும். வடக்கு வாசல் படிக்குப் பக்கத்திலேயே அடியார் சண்டேசரின் தலையில் சிவன் பூமாலை சுற்றும் சிற்பம். அம்மா படி ஏறாமல் தரையில் நின்றே பார்க்கலாம். எதிரே சரஸ்வதி. சுற்றுமதில் ஏன் இவ்வளவு சிதைந்திருக்கிறது என்று கேட்பீர்கள். 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்ட அந்தக் கல்லைத்தான் பெயர்த்துப் போனார்கள். அந்த அணையிலிருந்து வடவாற்றில் வரும் தண்ணீர்தான் உங்கள் சித்தப்பா வீட்டு ஏரியில் நிற்கிறது.

சிதம்பரம் அரை நாள். காலை ஆறரைக்குக் கிளம்பிக் கிழக்குக் கோபுர வாசலின் இருபுறமும் 108 கரணங்களை நிதானமாகப் பாருங்கள். கூடவே கிரந்த எழுத்தில் சுலோகங்களும் வெட்டியிருக்கும். எந்தக் கோயிலானாலும் நட்சத்திரமும் விலாசமும் கேட்டு, வருஷம் முழுக்க அர்ச்சனை செய்து பிரசாதம் தபாலில் அனுப்புவதாகச் சொல்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள். கவுன்டரில் ரசீது போட்டு வாங்குவதோடு நிறுத்துங்கள்.

நாலாவது நாள் கார் வேண்டாம், ஆட்டோ போதும். காட்டுமன்னார்கோயிலிலேயே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைப் பற்றிய கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் மேலக்கடம்பூர், தேர் வடிவக் கரக்கோயில். தங்கும் நாட்களில் பிரதோஷம் வந்தால் அன்று தஞ்சைப் பக்கம் போகாதீர்கள், பெரிய நந்தி அபிஷேகத்துக்குக் கூட்டம் நெரியும். மேலக்கடம்பூருக்குப் போங்கள். காளையின் மேல் ஆடும் பத்துக் கை சிவன், வங்கத்துப் பால வம்ச அரசர் காலப் பாணித் திருமேனி, அன்றைக்குத்தான் வெளியே எழுந்தருளுவார். மாலை நாலுக்கே போய்விட்டால் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும்.