கிராம்பு எண்ணெய் கல்லீரலைக் கெடுக்குமா?

கீழ்க் கடைவாய்ச் சொத்தைப் பல்லில் இரண்டு வாரமாகக் கிராம்பு எண்ணெய் தடவுகிறேன். அது கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரும் என்று வீடியோவில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. ஈறும் எரிகிறது. வலி நேற்று தானாகவே நின்றுவிட்டது, தாடை மட்டும் லேசாக வீங்கியிருக்கிறது. எண்ணெயை நிறுத்தவா?
- வாசகி, வயது 42

நிறுத்துங்கள். ஆனால் கல்லீரலுக்குப் பயந்து அல்ல. பஞ்சில் ஓரிரு சொட்டு வைத்ததால் உங்கள் கல்லீரலுக்கு ஒன்றும் ஆகாது. கல்லீரல் செயலிழந்தது, வலிப்பு வந்தது எல்லாம் அந்த எண்ணெயை 5, 10 மில்லி என்று குடித்துவிட்ட சின்னக் குழந்தைகளுக்கு. வீட்டில் குழந்தை இருந்தால் குப்பியைப் பூட்டி வையுங்கள். பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் தடவவே கூடாது. புற்றுநோய்ப் பேச்சை விடுங்கள். ஈறு எரிவது எண்ணெயை நீர்க்காமல் தடவியதால், ஆறிவிடும்.

கிராம்பில் உள்ள யூஜெனால் நரம்பைக் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும். பல் மருத்துவர்களே அதைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துத் தற்காலிக அடைப்பாக வைக்கிறோம், சொத்தையைச் சுரண்டி எடுத்த பிறகு. சொத்தையை அப்படியே விட்டு மேலே தடவினால் வலி மறையும், கிருமி மறையாது.

கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, வலி நின்று வீக்கம் வந்தது என்று, எனக்குக் கவலை அதுதான். பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். நாளைக்கே பல் மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே எடுங்கள். வேர் சிகிச்சையா, பல்லைப் பிடுங்குவதா என்பது அதில் தெரியும்.

வீக்கம் தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, வாயைத் திறக்கவோ எச்சில் விழுங்கவோ சிரமப்பட்டாலோ, நாக்கு மேலே தூக்கிக்கொண்டு பேச்சு குழறினாலோ நாளை வரை காத்திருக்காதீர்கள். நள்ளிரவானாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். கீழ்த்தாடைச் சீழ் நாக்குக்கு அடியில் பரவினால் சில மணி நேரத்தில் மூச்சுப் பாதையை அடைத்துவிடும். இதில் உயிரே போயிருக்கிறது.

அதுவரை மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். வீக்கம் வடிந்த மாதிரி இருக்கும், நீங்களும் போகாமல் இருந்துவிடுவீர்கள். சர்க்கரை நோய் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.